மூடச் சொன்ன குழி

பிப்ரவரி 9

கருவிக்கார மேடத்துக்கு,

போன்ல பேசினா நமக்குள்ள வார்த்தை தடிச்சுப் போகுது, அதனால எழுதறேன். முந்தாநாள் நான் பட்டுனு போனை வச்சது தப்புதான். ஆனா நீ சொன்னது அதைவிடத் தப்பு. "அண்ணனுக்கு அந்த வேலையே என்னாலதான் கிடைச்சது அண்ணி, கொஞ்சம் நாத்தத்தைப் பொறுத்துக்கக் கூடாதா"ன்னு கேட்டியே. நாத்தம் எனக்குப் புதுசா? மார்க்கெட்ல தக்காளிக் கடை போட்டு உக்காந்திருக்கிறவ நான். அழுகலோடதான் பிழைப்பு. நான் சலிச்சுக்கிட்டது நாத்தத்துக்கு இல்லைடி, உங்கண்ணன் படுற பாட்டுக்கு.

நல்லாத்தானே இருந்தாரு மனுஷன். காலையில குப்பை டிராக்டரை எடுத்தா, தெருத்தெருவா ஏத்திக்கிட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய குழியில கொட்டிட்டு, கையைக் கழுவிட்டு வீட்டுக்கு வந்துடுவாரு. நீ ஒரு நாள் பெட்டி மாதிரி ஒரு கருவியைத் தூக்கிக்கிட்டு வந்தே. குழியைச் சுத்திச் சுத்தி வந்தே. இதிலிருந்து மீத்தேன் கிளம்புது, பூமி சூடாகிறதே இதனாலதான், இத்துனூண்டு ஊர்ல இவ்வளவான்னு வாயைப் பொளந்தே. மீத்தேனோ மீன் தேனோ, எங்களுக்கு என்ன தெரியும்? நீ எழுதிப் போட்டே. மேலே தலையாட்டினாங்க. அவங்க ஆட்டினதைப் பார்த்து எங்க கவுன்சில் தலைவரும் ஆட்டினாரு. உங்கண்ணனைக் கிடங்குக்குப் பொறுப்பாளர்னு உக்கார வச்சுட்டாங்க.

இப்போ அவர் நிலைமையைக் கேளு. ஈரக் குப்பையைத் தனியாக் கொடுங்க, காய்ஞ்சதைத் தனியாக் கொடுங்கன்னு வீடு வீடா சொல்லணும். சொன்னா, "நேத்து வரைக்கும் வாயைத் திறக்காம வாங்கிட்டுப் போனவன், இன்னிக்கு எங்க குப்பைக்கு வாத்தியாரா?"ங்கிறாங்க. ஒரு வீட்டுல காய்த்தோலோட பழைய செருப்பையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்காங்க. இவரு அதைத் திருப்பிக் கொண்டுபோய், "அம்மா, செருப்பு மக்காது"ன்னு பவ்யமா நீட்டியிருக்காரு. அந்தம்மா மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டாங்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிட்டு, சாப்பிடாமலே போய்ப் படுத்துட்டாரு.

கிடங்குல அவரோட வேலை செய்யறது எல்லாம் பொம்பளைங்க. பிரிக்கிறவங்க, குவியலைப் புரட்டறவங்க, அப்புறம் மக்கின உரத்தைச் சலிக்கிற சல்லடையம்மா. அவங்களுக்குன்னு ஒரு பேரு இருக்கும், யாரும் கூப்பிட்டதில்லை. சரியான வாய். இவரை "ஆபீசரே, ஆபீசரே"ன்னு கூப்பிட்டு எப்படியாவது சிரிக்க வச்சுடுவாங்க. அவங்க இருக்கிறதாலதான் இவரு அங்க தாக்குப் பிடிக்கிறாரு.

ஒரு விஷயம் கேட்டு எழுதச் சொன்னாரு. புதுக் குப்பையெல்லாம் குவியலாப் போட்டுப் புரட்டறாங்க, சரி. அந்தப் பழைய குழியை என்ன பண்றது? பாதி ரொம்பினது அப்படியே திறந்து கிடக்கு. பக்கத்துத் தெருக்காரங்க தினம் வந்து கத்தறாங்க. நீ போன்ல சொன்னா பாதி புரியறதில்லை. புரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, "சரி பாப்பா, சரி பாப்பா"ன்னு வச்சுடறாரு. விவரமா எழுது.

கோபம் இன்னும் தீரலை.

உன் அண்ணி


பிப்ரவரி 17

கோபம் தீராத அண்ணிக்கு,

நான் சொன்னது தப்புதான். வாயில வந்துடுச்சு. அண்ணனுக்கு நான் வேலை வாங்கிக் கொடுத்தேன்னு நினைக்கிற அளவுக்கு எனக்குத் திமிர் இல்லை. என்னைப் படிக்க வச்சதே அவர் ஓட்டின டிராக்டர்தான். போதுமா? இல்லை நேர்ல வந்து தோப்புக்கரணம் போடணுமா?

அண்ணனுக்கு இதை நீங்களே படிச்சுக் காட்டுங்க. குப்பை காத்தோட மக்கினா உரம். காத்து இல்லாம அழுகினா மீத்தேன். என் படிப்பு மொத்தமும் இவ்வளவுதான். குழியில ஒண்ணு மேல ஒண்ணாக் கொட்டும்போது அடியில கிடக்கிறதுக்கு மூச்சு முட்டுது. அதனாலதான் குவியலாப் போட்டு அடிக்கடி புரட்டச் சொல்றேன். உள்ளே கை வச்சா சூடா இருக்கணும், மண் வாசனை வரணும். அழுகின முட்டை வாசனை வந்தா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், உடனே புரட்டிடணும்.

பெரிய நகரத்துக் குப்பையைப் பத்திப் பேச எத்தனையோ பேர் இருக்காங்க அண்ணி. நம்ம மாதிரி சின்ன ஊர்களை யாரும் கணக்குலயே எடுத்துக்கறதில்லை. ஆனா எல்லாச் சின்ன ஊரையும் சேர்த்துப் பார்த்தா அது ஒரு மலை. நம்ம ஊர்ல முடிஞ்சா எல்லா ஊர்லயும் முடியும்னு ஆபீஸ்ல வாய் கிழியப் பேசியிருக்கேன்.

குழியைப் பத்திக் கேட்டிருக்காரு. அது திறந்து கிடக்கவே கூடாது. திறந்து கிடக்கிற வரைக்கும் வாயு வந்துக்கிட்டேதான் இருக்கும். நல்லா மூடிடச் சொல்லுங்க. அடுத்த மாசக் கடைசியில அளக்க வர்றேன், அதுக்குள்ள மூடியிருக்கணும். வாயு அளவு இறங்கலைன்னா, இந்த வேலையெல்லாம் வீண்னு நிறுத்திட்டு, மறுபடி எல்லாத்தையும் குழியில கொட்டுங்கன்னு சொல்லிடுவாங்க. அண்ணனும் மறுபடி டிராக்டர்ல ஏற வேண்டியதுதான். அந்தப் பொம்பளைங்களுக்கு அதுகூட இருக்காது.

மன்னிச்சுட்டீங்கன்னு ஒரு வரி எழுதினா நல்லாச் சாப்பிடுவேன்.

உங்க வாயாடி


மார்ச் 5

வாயாடிக்கு,

மன்னிச்சாச்சு, சாப்பிடு.

குழியையும் மூடியாச்சு. பொறுப்பாளர் ஐயா சொந்தக் கையால மூடினாரு. மார்க்கெட்ல பழைய கொட்டகையைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. அங்கிருந்து வேணுங்கிறதை எல்லாம் டிராக்டர்ல அள்ளிக்கிட்டுப் போனாரு. அவரும் புது டிராக்டர்க்காரரும் சேர்ந்து நாலஞ்சு நாள் மல்லுக்கட்டினாங்க. கடைசியில ஓரமெல்லாம் களிமண்ணைக் குழைச்சு அவரே தேய்ச்சுத் தேய்ச்சுப் பூசினாரு. வீட்டுச் சுவருக்கு ஒரு நாள் பூசச் சொன்னா முதுகு வலிம்பாரு, தெரியுமில்ல?

நாத்தம் ஒரு பொட்டு இல்லைடி. கத்த வந்த தெருக்காரங்க, கத்தறதுக்கு ஒண்ணும் இல்லாம திரும்பிப் போனாங்க. நான் கூடப் போய் மேல ஏறி நின்னு பார்த்தேன். ஆடலை. இப்போ அந்த இடம் முழுக்க உரத்தைப் பரப்பிக் காயப் போடறாங்க. சல்லடையம்மா சல்லடையைத் தூக்கிக்கிட்டு அங்கேயே குடியேறிட்டாங்க. "ஆபீசரே, எனக்குத் தனி மேடை கட்டிக் கொடுத்துட்டீங்க, இனி பாட்டுதான் பாடணும்"னாங்க. பாடவும் செஞ்சாங்க. கேட்கச் சகிக்கலை.

உங்கண்ணன் சிரிச்சாரு. பல்லு தெரிய. கல்யாணத்துக்கு அப்புறம் நான் பார்த்த மூணாவது சிரிப்பு அது.

சீக்கிரம் வா. வந்தா ரெண்டு நாளாவது இரு.

அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு,

ஒரு வாய் சாப்பிடாம ஓடி வந்துட்டேன்னு அண்ணன்கிட்ட புலம்பினீங்களாம். வந்து அளந்ததும் எனக்குக் கால் தரையில நிக்கலை அண்ணி, அதான் உண்மை. பஸ்ல உக்காந்தப்புறம்தான் பசியே தெரிஞ்சது.

குவியல் எல்லாம் அவ்வளவு அழகா இருக்கு. உள்ளே கை வச்சா சூடு, மண் வாசனை, எல்லாம் பதமா இருக்கு. குழிப் பக்கம் போய் அளந்தேன். கருவி கெட்டுப் போச்சோன்னு தட்டித் தட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை. போன தடவை எகிறின இடத்துல இந்தத் தடவை முள் அசையவே இல்லை. பரப்பி வச்ச உரத்து மேல குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சல்லடையம்மா, "ஆபீசர் தங்கச்சி, என் உரத்தை மிதிக்காதே"ன்னு விரட்டினாங்க.

ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. எனக்கு இல்லை, அண்ணனுக்கு. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். எங்க மேலதிகாரி, "மத்த சின்ன ஊருக்கெல்லாம் புரியற மாதிரி ஒரு பக்கத்துல எழுதிக் கொடு"ன்னாரு. குப்பையைப் பிரிங்க, குவியலைப் புரட்டுங்க, பழைய குழியை மூடுங்கன்னு எழுதிக் கொடுத்துட்டேன். சந்தேகம் இருந்தா அண்ணன் கிடங்கை நேர்ல போய்ப் பார்த்து அப்படியே செய்ங்கன்னு ஊர் பேரும் போட்டிருக்கேன். ஆளுங்க வருவாங்க. அண்ணனுக்கு நல்ல சட்டையா எடுத்து வைங்க. அந்த முழங்கை கிழிஞ்ச நீலச் சட்டையைத் தயவு பண்ணி ஒளிச்சு வைங்க.

உங்க வாயாடி


மே 8

பெயர் சொல்லிக் கூப்பிட மனசு வரலை.

சல்லடையம்மா போயிட்டாங்கங்கிறதை மட்டும்தான் போன்ல சொல்ல முடிஞ்சது. நீ ஓடி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னே. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அப்போ பேசியிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. இப்போ எழுதறேன்.

அதுக்கு முந்தின நாள் நல்ல மழை. பரப்பி வச்ச உரமெல்லாம் ஊறிக் கிடந்தது. காலையில சல்லடையம்மா போய் அதை ஒரு பக்கமா வாரிக் குவிச்சிருக்காங்க. கனம் எல்லாம் ஒரே இடத்துல சேர்ந்துடுச்சு. அடியில குழியை மூடியிருந்த தகடு, மார்க்கெட் கொட்டகையிலிருந்து எடுத்த பழைய கூரைத் தகடு. மேலே பார்க்க நல்லாத்தான் இருந்தது. அடியில உள்ளே இருக்கிற ஆவி பட்டுப் பட்டு அரிச்சுப் போயிருக்கு. யாருக்குத் தெரியும்? டமார்னு ஒரு சத்தம். சல்லடையோட உள்ளே போயிட்டாங்க. "ஆபீசரே"ன்னு ஒரு தடவை கூப்பிட்டாங்களாம். ரெண்டாம் தடவை கூப்பிடலை.

ஆழம்கூட இல்லைடி. ஆள் உயரம்தான் இருக்கும். கையைக் கொடுத்தா தூக்கிடலாம்னு நினைச்சு, துண்டை வாயில கட்டிக்கிட்டு உங்கண்ணன் குதிச்சாரு. குதிச்சவர் அப்படியே உக்காந்துட்டாராம், தூக்கம் வந்தவர் மாதிரி. டிராக்டர்க்காரர் கயித்துல கொக்கி போட்டு இவரை இழுத்தாரு. இவரைத்தான் இழுக்க முடிஞ்சது.

மறுநாள்தான் கண் முழிச்சாரு. முழிச்சாரே தவிர பழைய ஆள் இல்லை. பேச ஆரம்பிச்சா பாதியில நின்னுடுது. "தண்ணி"ன்னு கேட்க நினைச்சு, "அந்த... அந்த..."ன்னு கையை ஆட்டறாரு. மூளைக்குக் கொஞ்ச நேரம் காத்துப் போகலையாம், போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம்கிறாரு டாக்டர். சல்லடையம்மாவைக் கேட்டாரு. நான் சொல்லலை. முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டாரு.

ஒண்ணு கேக்கறேன், நேர் பதில் சொல்லு. குழியை மூடுன்னு நீதானே எழுதினே? நல்லா மூடுன்னு எழுதினே. திறந்து கிடந்தா வாயு வெளியே வரும்னே. வெளியே வராம அவரு மூடினாரு. சொன்னதைச் சொன்ன மாதிரி செஞ்சவருக்கு ஏன்டி இப்படி?


மே 13

அண்ணி,

நேர் பதில். நான்தான் எழுதினேன்.

ஆஸ்பத்திரியில நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டதும், அங்கிருந்து நேரா கிடங்குக்குப் போனேன். உடைஞ்ச தகடையும் அதைத் தாங்கின இரும்புக் குழாயையும் பார்த்தேன். அப்போதான் எனக்குப் புரிஞ்சது, அண்ணன் குழிக்கு மூடி போட்டிருக்காருன்னு.

நான் மூடி போடச் சொல்லலை அண்ணி. எங்க ஆபீஸ்ல குழியை மூடறதுன்னு சொன்னா, பழசை எல்லாம் தோண்டி வெளியே எடுத்து, காத்துப் பட உலர விட்டு, பள்ளத்தை அடியிலிருந்து மண்ணு போட்டு நிரப்பறது. தினம் இந்தப் பேச்சைப் பேசிப் பேசி, இத்தனை வேலையும் எனக்கு அந்த ஒரு சொல்லுக்குள்ள இருந்தது. வீட்டுல மூடுன்னா என்ன செய்வோம்? பாத்திரத்தை மூடுன்னா தட்டைத்தானே எடுத்துக் கவுக்கிறோம்? அண்ணனும் அதைத்தான் செஞ்சாரு. அவ்வளவு ஒழுங்கா, களிமண் பூசி, ஒரு இடுக்கு விடாம செஞ்சாரு. கொஞ்சம் சோம்பேறியா இருந்து இடுக்கு விட்டிருந்தாக்கூட உள்ளே அவ்வளவு சேர்ந்திருக்காது.

மேல ஏறி நின்னேன், ஆடலைன்னு நீங்க எழுதியிருந்தீங்க. மண்ணு போட்டு நிரப்பின இடம் எங்கேயாவது ஆடுமா? அந்த வரியைப் படிச்சுட்டு, அண்ணி குதிச்சே பார்த்திருப்பாங்கன்னு சிரிச்சேன். சிரிச்சுட்டுத் தாண்டிப் போயிட்டேன். அளக்க வந்து அதே இடத்து மேல நடந்தேன். முள் அசையலைன்னு கூத்தாடினேன். வாயு எங்கேயும் போகலை, என் காலுக்கு அடியிலதான் இருந்தது. நான் அளந்தது மூடியை.

இப்போ கேளுங்க. போன மாசம் முழுக்க எத்தனையோ ஊர்க்காரங்க வந்து அண்ணன் கிடங்கைப் பார்த்துட்டுப் போனாங்க இல்ல? அவங்களும் தகடுதான் போட்டிருப்பாங்க. நான் எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கத்துலயும் மூடுன்னுதான் இருக்கு. நான் ஆபீஸ்ல எல்லாத்தையும் சொல்லியாகணும். சொன்னா அண்ணன் பேரும் வரும். அவருக்கு என்ன ஆகும்னு தெரியும். உங்ககிட்ட கேட்காம செய்ய மனசு வரலை. ஒரு வார்த்தை எழுதுங்க.


மே 18

அம்மாடி,

உன் கடிதத்தை அவருக்குப் படிச்சுக் காட்டலை. மத்த ஊருக்காரங்களும் தகடு போட்டிருப்பாங்கன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்.

கவுன்சில் தலைவர் வந்தாரு. வீட்டுக்குள்ளேயே வந்து உக்காந்தாரு. சல்லடையம்மா ஓரமா நடக்கும்போது கால் வழுக்கித் திறந்த குழியில விழுந்துட்டாங்க, உங்கண்ணன் காப்பாத்தக் குதிச்சாரு, அப்படித்தான் போலீஸ்ல எழுதியிருக்காங்களாம். தகடு, குழாய் எல்லாத்தையும் ஏற்கெனவே அப்புறப்படுத்தியாச்சாம். "ஒரு மாசத்துல கேஸ் முடிஞ்சுடும்மா, அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்காம இருங்க"ன்னாரு. திறந்தா, கவுன்சில் யாரையும் மூடி போடச் சொல்லலை, பொறுப்பாளர் தன்னிஷ்டத்துக்குப் போட்டாருன்னு சொல்லிடுவோம்னும் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

இவர் போனை ஸ்டேஷன்ல வாங்கி வச்சிருக்காங்க. என் போன்ல உன்கிட்ட பேசவும் பயமா இருக்கு. கடிதத்திலேயே இருக்கட்டும்.

எனக்கு இவரைத் தவிர யாரும்மா இருக்கா? சட்டைப் பொத்தான் போடத் தெரியலை. குளிக்கப் போனா, எதுக்கு வந்தோம்னு மறந்துட்டு அங்கேயே நிக்கறாரு. இவரைப் பிடிச்சு உள்ளே வச்சா, பசிக்குதுன்னு சொல்லக்கூட வார்த்தை கிடைக்காம செத்துப் போவாரு. சல்லடையம்மா பொண்ணு தினம் வர்றா. ஒரு வார்த்தை குறை சொல்லலை. இவர் பக்கத்துல உக்காந்து, "எங்கம்மா உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"ன்னு கேக்கறா. இவரு யோசிச்சு யோசிச்சு "ஆபீ... ஆபீ..."ங்கறாரு. என்னால அந்த இடத்துல நிக்க முடியலை.

நீ சொல்றது நியாயம்தான். எனக்குத் தெரியாம இல்லை. ஆனா மத்த ஊரெல்லாம் நாளைக்கேவா இடிஞ்சு விழப் போகுது? நம்மது பழைய தகடு, மழை வேற. அவங்க நல்லதாப் போட்டிருப்பாங்க. ஒரே ஒரு மாசம் பொறு. கேஸ் முடியட்டும். அப்புறம் நீ யார்கிட்ட என்ன வேணா சொல்லு, நான் குறுக்கே வர மாட்டேன்.

உன்னைவிட மூத்தவ நான். உன் கால்ல விழறேன்.

அண்ணி


மே 22

சரி அண்ணி. பொறுக்கறேன்.


ஜூன் 14

அண்ணி,

இன்னும் மாசம் முடியலை. நான் இன்னிக்கு ஆபீஸ்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன். அண்ணன் பேரையும் சொல்லிட்டேன். ஏன்னு எழுதறேன். படிச்சுட்டு என்னைச் சபிக்கணும்னா சபிங்க.

பொறுக்கறேன்னு உங்களுக்கு எழுதிப் போட்டேனே தவிர, என்னால சும்மா இருக்க முடியலை. அண்ணன் பேர் வராம, கேஸுக்கும் பங்கம் வராம, பக்குவமா எச்சரிக்கலாம்னு நினைச்சேன். கிடங்கைப் பார்த்துட்டுப் போன ஊர்களுக்கெல்லாம் ஒவ்வொண்ணா போன் போட்டேன். "குழி மூடி மேல ஆளுங்களை ஏற விடாதீங்க, அது அவ்வளவு பலமா இல்லாம இருக்கலாம்"னு மட்டும் சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. உள்ளே என்ன சேர்ந்திருக்குன்னு சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு அடுத்த கேள்வி வரும். அதனால சொல்லலை. பொதுவா சொல்றேன்னு சொல்லி வச்சுட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனமா நடந்துக்கிட்டதா ஒரு நினைப்பு வேற.

ஒரு ஊர்ல என் பேச்சை மதிச்சாங்க. பலம் இல்லையா, பலப்படுத்திடுவோம்னு, பழைய தகட்டு மேல இரும்புச் சட்டம் கொடுத்துப் பத்த வைக்க ஒரு வெல்டரைக் கூப்பிட்டிருக்காங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்னதாப் பட்டறை வச்சிருக்கிறவர். குப்பைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜன்னல் கம்பி, கேட்டு, சைக்கிள் கேரியர், இதுதான் அவர் வேலை. மூடி மேல மண்டி போட்டு உக்காந்து முதல் பொறியைக் கிளப்பியிருக்காரு.

தீ எவ்வளவு உயரம் எழும்பிச்சுன்னு பார்த்தவங்க சொன்னாங்க. அதை எழுத மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே முடிஞ்சுடுச்சு.

நான் ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தா அவங்க வெல்டரைக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. எல்லாத்தையும் சொல்லியிருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. பாதியைச் சொன்னேன். அதுக்குத்தான் அவர் போனாரு.

இன்னிக்கு எல்லா ஊருக்கும் ஆபீஸ்லேருந்து தகவல் போயிடுச்சு. குழிகிட்ட யாரும் நெருப்பு கொண்டுபோகக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது, தெரிஞ்ச ஆளுங்க வந்து பத்திரமா வாயுவை வெளியேத்தற வரைக்கும் தள்ளி நிக்கணும். அண்ணனைத் தேடி வீட்டுக்கு ஆள் வருவாங்க. என்னையும் வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. அது பெரிசில்லை.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிட்டேன். மீறினதுக்கு வருத்தப்படலை அண்ணி. இத்தனை நாள் காப்பாத்தினதுக்குத்தான் வருத்தப்படறேன்.


ஜூன் 19

அம்மாடி,

உன் கடிதம் வந்தது. இந்தத் தடவை ஒளிக்கலை. அவருக்கு முழுசாப் படிச்சுக் காட்டினேன். மத்த ஊர் விஷயமே அவருக்கு அப்போதான் தெரியும். வெல்டர் வந்த இடத்துல கையைக் காட்டி நிறுத்தி, மறுபடி படின்னாரு. படிச்சேன். அப்புறம் நான் உனக்கு என்ன எழுதினேன், எதுக்குப் பொறுக்கச் சொன்னேன், அதையும் சொன்னேன். திட்டுவாருன்னு பார்த்தேன்.

எழுந்து சட்டையைப் போட்டாரு. பொத்தானைத் தாறுமாறாப் போட்டிருந்தாரு, நான் சரி பண்ணப் போனேன், கையைத் தட்டிவிட்டாரு. ஆள் வர்றதுக்கு முன்னாடி அவரே ஸ்டேஷனுக்கு நடந்தாரு. நான் பின்னாலேயே போனேன். உள்ளே போனதும், "தகடு... தகடு..."ன்னு ஆரம்பிச்சு நின்னுட்டாரு. அங்க இருந்தவர் என்னைப் பார்த்தாரு. நான் சொல்லட்டுமான்னு கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம்னுட்டாரு. எவ்வளவு நேரம் ஆனாலும் அவரேதான் சொன்னாரு. "தகடு நான். அவங்க விழுந்தது வழுக்கி இல்லை. என் தகடு." அவ்வளவையும் சொல்லி முடிச்சப்போ வேர்த்து நனைஞ்சு போயிருந்தாரு. அங்கேயே வச்சுக்கிட்டாங்க. காலையில சாப்பாடு கொண்டுபோறேன். சாப்பிடறாரு. பசிக்குதான்னு அங்க ஒருத்தர் கேட்டுக் கொடுக்கறாராம்.

தலைவர் என் முகத்தைப் பார்த்தா இப்போ தெருவை மாத்திக்கிறாரு. கிடங்குல குவியல் எல்லாம் புரட்ட ஆளில்லாம ரெண்டு வாரம் கிடந்து புளிச்ச வாடை அடிக்க ஆரம்பிச்சது. அந்தப் பொம்பளைங்களே யாரும் கூப்பிடாம திரும்பி வந்து புரட்டறாங்க. குழிப் பக்கம் மட்டும் யாரும் போறதில்லை. வேலை நிலைக்குமா நிலைக்காதான்னு யாருக்கும் தெரியாது.

உன்னைச் சபிக்கச் சொன்னே. எனக்கு அந்த யோக்கியதை இல்லைடி. பொறுக்கறேன்னு நீ எழுதின கடிதம் வந்த அன்னிக்கு நான் நிம்மதியாத் தூங்கினேன். அத்தனை நாளுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன். அந்தப் பட்டறைக்காரரும் அன்னிக்கு அவர் வீட்டுல தூங்கியிருப்பாரு.

அந்த ஊருக்குப் போகணும். அவர் வீட்டுல யார் யார் இருக்காங்க, நீ விசாரிச்சிருப்பே. நான் தனியாப் போகலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். சல்லடையம்மா வீட்டுக்குப் போனா நான் பொறுப்பாளர் பொண்டாட்டி. அடிக்கணும்னா அடிக்கட்டும், யார் வந்திருக்கான்னு அவங்களுக்குத் தெரியும். இந்த வீட்டு வாசல்ல நின்னா, யாரும்மா நீங்கன்னு கேப்பாங்க. துக்கம் கேக்க வந்தவன்னு நினைச்சு உள்ளே கூப்பிட்டு உக்காரச் சொல்லுவாங்க. தண்ணி கொடுப்பாங்க.

நான் யாருன்னு சொல்றது? அதுக்கு ஒரு பதிலை யோசிச்சுக்கிட்டுக் கிளம்பி வா. ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்.

அண்ணி